யாரும் பேசாத இறந்தகாலம்

தம்பி,

வியாழக்கிழமை காலை எனக்கு ஆபரேஷன் என்பது உனக்குத் தெரியும். தஞ்சாவூர் டாக்டர் உன்னிடம் போனில் இங்கிலீஷில் எல்லாவற்றையும் விளக்கிவிட்டார். குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிட்டு, மூச்சுவிடக் கழுத்தில் ஒரு துவாரம் வைப்பார்கள். அதற்குப் பிறகு எனக்குப் பேச்சு கிடையாது. இதெல்லாம் நீயும் நானும் பேசி முடித்த விஷயம். போன சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் நடந்த ஒன்றை மட்டும் நான் உன்னிடம் சொல்லவில்லை. பரிசோதனைகள் முடிந்து கிளம்பும்போது நர்ஸ் ஒருத்தி, உன்னைவிடச் சின்னவள், என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். "அம்மா, சின்னதா எழுதி அழிக்கிற போர்டு ஒண்ணு வாங்கி வச்சுக்குங்க. தண்ணி வேணும், வலிக்குதுன்னா எழுதிக் காட்டுங்க. கூட யாரு இருப்பா?" என்றாள். "பையன் வர்றான்" என்றேன். "அப்பக் கவலையே இல்ல. நீங்க எழுதுங்க, அவரு படிச்சு எங்ககிட்ட சொல்லிருவாரு. தமிழ் டீச்சராமே நீங்க, கையெழுத்து முத்து முத்தா இருக்கும்" என்று சிரித்தாள். என் மகனுக்குத் தமிழ் படிக்க வராது என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டுக் கீழ்வேளூர் பஸ் ஏறிவிட்டேன்.

முப்பத்தொரு வருஷம் அரசுப் பள்ளியில் தமிழ் நடத்தியவள் நான். எத்தனை பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்திருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. மார்க்கெட்டில் மீன் விற்கிற பெண் என்னைப் பார்த்தால் இன்னும் வணக்கம் டீச்சர் என்று எழுந்து நிற்கிறாள். அவளுக்குப் பேப்பர் படிக்கத் தெரியும். நீ பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பாய், அதுவும் பஸ் நின்றால்தான். நீ படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்று உன் அப்பா கேலி செய்வார். நீயும் சேர்ந்து சிரிப்பாய். நானும் சிரித்தேன். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

இது எப்படி ஆரம்பித்தது என்று நீ ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. உனக்கு ஞாபகம் இல்லையோ, இருந்தும் கேட்கவில்லையோ, தெரியாது. நீ ஐந்தாம் வகுப்பு முடித்த சித்திரை அது. பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமுக்காக நான் தஞ்சாவூர் போயிருந்தேன். தெரிந்தவர் வீட்டில் தங்கி, காலையும் மாலையும் கட்டுக் கட்டாகத் திருத்தினேன். ஒரு நாள் மதியம் உன் அப்பா முகாமுக்கே வந்தார். நெல் கொள்முதல் நிலையத்தில் எழுத்தராக இருந்தவருக்கு அறுவடை முடிந்த சமயம், வேலை குறைவு. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு கோடு போட்ட தாளை எடுத்து, "புள்ள ஒனக்கு லெட்டர் குடுத்து உட்டுருக்கான்" என்றார். எனக்கு அடுத்த கட்டு காத்திருந்தது. கையில் சிவப்புப் பேனா இருந்தது. நின்றபடியே படித்தேன். படித்தேன் என்பது தவறு, திருத்தினேன். பதினொரு இடங்களில் வட்டம் போட்டேன். அடியில் பத்துக்கு நாலு என்று மார்க் போட்டு, 'கவனம் தேவை' என்று எழுதி, அதே மடிப்பில் மடித்து அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "புள்ள லெட்டரு குடுத்தான்டி. நீ மார்க்குப் போட்டு அனுப்புற" என்றார். விளையாட்டாகத்தானே போட்டேன், இதில் என்ன இருக்கிறது என்றேன்.

அந்தத் தாள் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அப்பா போன பிறகு அவருடைய பெட்டியில் கிடைத்தது. அவர் அதை உன்னிடம் காட்டினாரா, காட்டாமலே வைத்துக்கொண்டாரா, தெரியாது. பின்கட்டில் உளுந்து காயப் போட்டிருக்கிறார்கள், ஆடு வந்து தின்றது, நான் விரட்டினேன் என்று எழுதியிருக்கிறாய். இரண்டு நாளாகக் காய்ச்சல், அப்பாவிடம் சொல்லவில்லை, நீ வந்தால் சரியாகிவிடும், எப்போது வருவாய் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியிலும் இரண்டு வட்டம் இருக்கிறது. அம்மாவைத் தவிர வேறு யாரிடமும் சொல்லாத ஒன்றை ஒரு குழந்தை எழுதி அனுப்புகிறது, அந்த அம்மா அதில் பிழை எண்ணுகிறாள். பெட்டியைத் திறந்த அன்றுதான் உனக்குக் காய்ச்சல் இருந்ததே எனக்குத் தெரிந்தது. நான் அழுதேன் என்று எழுதினால் அது ஒரு பரிகாரம் மாதிரி ஆகிவிடும். அழுதேன், ஆனால் அது எதற்கும் உதவவில்லை.

முகாமிலிருந்து வந்ததும் உன் அப்பாவிடம் நான் சொன்னது இதுதான்: "இவனுக்குத் தமிழ் வராது. மார்க் போயிடும்." திருவாரூரில் உன்னைச் சேர்த்த தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்தே தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுக்கலாம். பிளஸ் டூவில் தமிழுக்கு யாரும் முழு மார்க் போட மாட்டார்கள், பிரெஞ்சுக்கு அள்ளிப் போடுவார்கள் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். தமிழுக்கு ஏன் போட மாட்டார்கள் என்றால் என்னைப் போன்றவர்கள் திருத்துவதால்தான். அது எனக்கு நன்றாகவே தெரியும். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். நாற்று நட்ட குடும்பத்தில் முதலில் காலேஜ் போனவள் நான். கேட்டது கணக்கு, கிடைத்தது தமிழ். ஆசிரியர் அறையில் கணக்கு சார், இங்கிலீஷ் டீச்சர் பேச்சு எடுபடும். தமிழ் அம்மாவிடம் ஆண்டுவிழாவுக்கு வரவேற்புரை எழுதித் தரச் சொல்வார்கள். அந்த எரிச்சல் எனக்குள் இருந்தது. நீயாவது இதிலிருந்து தப்பித்துப் போ என்று நினைத்தேன். மற்றவர்களுக்குச் சோறாகப் போடுவதை என் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொன்ன சமையல்காரி நான்.

உன் பிரெஞ்சு சாரை நினைவிருக்கிறதா? காரைக்காலிலிருந்து வாரம் மூன்று நாள் பஸ்ஸில் வருவார். வெள்ளைச் சட்டை, கையில் துணிப்பை, வியர்வையைத் துடைத்துக்கொண்டே பேசுவார். பெற்றோர் கூட்டத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க ஊர்ல பிரெஞ்சு படிச்சவங்களுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. பாரிசுல அண்ணன் இருப்பான், இல்ல பிரெஞ்சு பென்ஷன் வரும். உங்க பையனுக்கு என்ன காரணம்?" என்று கேட்டார். "மார்க் சார்" என்றேன். "அது சரி" என்று சிரித்தார். "நீங்க தமிழ் டீச்சருங்களே, வீட்லயாச்சும் அவனுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்குறீங்கல்ல?" என்றார். நேரமில்லை என்று சொன்னேன். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் இருந்த நேரம். ஐந்தாம் வகுப்பு வரை நீ பிழையோடாவது எழுதிய தமிழும் இரண்டு மூன்று வருஷத்தில் கைவிட்டுப் போனது.

ஒன்பதாம் வகுப்பில் நீயே ஒருமுறை கேட்டாய். அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, "அம்மா, நான் தமிழே எடுத்துக்குறேனே. பசங்கள்ளாம் தமிழ் பீரியட்ல என்னவோ சொல்லிச் சிரிச்சுக்குறாங்க, எனக்கு மட்டும் புரிய மாட்டேங்குது" என்றாய். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சிரிக்கிறதுக்கா ஸ்கூலுக்குப் போற?" என்றேன். நீ போய்விட்டாய். நீ எதற்கும் அடம்பிடிக்கிற பிள்ளை இல்லை. பிடித்திருக்கலாம்.

பிளஸ் ஒன்னில் அந்த இறந்தகாலம் வந்தது. பிரெஞ்சில் இறந்தகாலமே பல இருக்கிறதாம். இது கதைப் புத்தகத்தில் மட்டும் வருவது. ஒவ்வொரு வினைக்கும் ஆறு வடிவம். ஒழுங்காக வருபவை சில, முதல் எழுத்தைத் தவிர அடையாளமே தெரியாமல் உருமாறுபவை பல. நீ திணறினாய். விடுவேனா நான்? சாரிடம் கேட்டு, எல்லாவற்றையும் எப்படி உச்சரிக்க வேண்டுமோ அப்படியே தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். விடியற்காலையில் நீ ஒப்பிப்பாய், நான் நோட்டைப் பார்த்துச் சரிபார்ப்பேன். பேசு என்ற வினைதான் முதல் பக்கம். ஜ பார்லே, துயு பார்லா, இல் பார்லா, நு பார்லாம், வு பார்லாத், இல் பார்லேர். நான் பேசினேன், நீ பேசினாய், அவன் பேசினான், நாங்கள் பேசினோம். உனக்குப் படிக்க வராத எழுத்தில் உன் பிரெஞ்சு முழுவதும் இருந்தது. எனக்குப் புரியாத மொழியை நான் பிழையில்லாமல் திருத்தினேன். அந்த வீட்டில் அதை விசித்திரம் என்று நினைத்தவர் உன் அப்பா ஒருவர்தான். அவரும் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

அந்த வருஷம்தான் கார்த்திகையில் மழை விடாமல் அடித்து, வாய்க்கால் உடைத்துக்கொண்டு, நம் தெருவில் முழங்கால் தண்ணீர். என் பள்ளிக்கூடத்தையே முகாமாக்கி எல்லோரையும் அங்கே தங்க வைத்தார்கள். உனக்கு அரையாண்டுத் தேர்வு பக்கத்தில் இருந்தது. நான் வீட்டிலிருந்து எடுத்து வந்தது இரண்டு சேலை, ரேஷன் கார்டு, அந்த நோட்டு. எட்டாம் வகுப்பு அறையில், ஈரத் துணி மூட்டைகளுக்கு நடுவில், சுவரோரம் உன்னை உட்கார வைத்து ஒப்பிக்கச் சொன்னேன். 'இரு' என்ற வினை. ஜ ஃப்யூ, துயு ஃப்யூ, இல் ஃப்யூ, நு ஃப்யூம், வு ஃப்யூத், இல் ஃப்யூர். பக்கத்தில் படுத்திருந்த அம்மாள், குத்தகைக்கு எடுத்த மூன்று மா நிலமும் தண்ணீருக்குள் போனவள், எழுந்து உட்கார்ந்து, "என்னா டீச்சர், மழை நிக்கிறதுக்கு மந்திரமா?" என்று கேட்டாள். அறையே சிரித்தது. நீ வெட்கப்பட்டு நிறுத்தினாய். நான் உன் தொடையில் தட்டி, "அடுத்தது சொல்லு" என்றேன். நீ அந்த அம்மாளைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக என்னிடம் சொன்னாய்: "இது யாரும் பேச மாட்டாங்கம்மா. பிரான்ஸ்லயே பேச மாட்டாங்களாம். புக்ல மட்டும்தான் இருக்குமாம்." "அப்ப எதுக்குக் கேக்குறாங்க?" "அஞ்சு மார்க்கு." "அப்பச் சொல்லு" என்றேன். நீ சொன்னாய். ஊரே நெல்லைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த இடத்தில் நான் அந்த ஐந்து மார்க்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

காப்பாற்றியும் விட்டேன். பிளஸ் டூ பிரெஞ்சில் இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு. உன் பள்ளிக்காரர்கள் கடைத்தெரு முக்கில் உன் படத்தைப் போட்டு பிளெக்ஸ் வைத்தார்கள். மூன்று நாள், வேலையே இல்லாமல், காய் வாங்குகிற சாக்கில் அந்த வழியாகப் போய் வந்தேன். இன்ஜினியரிங் கட்-ஆஃபில் மொழிப்பாட மார்க் சேரவே சேராது. அது எனக்கு முதலிலிருந்தே தெரியும், நான் டீச்சர் இல்லையா? கணக்கும் பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும்தான் உனக்கு சீட் வாங்கிக் கொடுத்தன. அந்த நூற்றுத் தொண்ணூற்றாறு பிளெக்ஸில் போடுகிற மொத்த மார்க்குக்குத்தான் உதவியது. அடுத்த மழையில் பிளெக்ஸ் கிழிந்தது. யாரோ எடுத்துப்போய் மாட்டுக் கொட்டகைக்குப் போட்டுக்கொண்டார்கள். போன பொங்கலுக்கு நீ வந்தபோது கேட்டேன், அந்த பிரெஞ்செல்லாம் ஞாபகம் இருக்கிறதா என்று. "ஐயோ அம்மா, சுத்தமா மறந்துபோச்சு" என்று சிரித்தாய். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும்போது தானாக வாயில் வருகிறது.

உன்னிடம் சொல்லாத இன்னொன்று, அப்பாவின் கருமாதிப் பத்திரிகை. அச்சகத்துக்காரர் சரிபார்க்கத் தாளைக் கொண்டுவந்தபோது நான் உள்ளே படுத்திருந்தேன். நீ வாசலில் வாங்கி, மேலும் கீழும் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, "கரெக்டா இருக்கு, போட்டுருங்க" என்றாய். மறுநாள் கட்டு வந்தது. அதில் இப்படிக்கு மனைவி என்ற இடத்தில் வேறொரு பெண்ணின் பெயர் இருந்தது. முன்னால் யாருக்கோ அடித்ததை மாற்ற மறந்துவிட்டார்கள். உன் அப்பாவுக்கு நான் மனைவி இல்லை, பெயர் தெரியாத யாரோ ஒருத்தி மனைவி. நீ களைத்துப்போய்த் தூங்கிக்கொண்டிருந்தாய். நான் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு பத்திரிகையிலும் அவள் பெயரை அடித்து என் பெயரை எழுதினேன். கொடுக்கப்போன இடத்திலெல்லாம் உறவுக்காரர்கள் அதைப் பார்த்தார்கள், அப்புறம் உன்னைப் பார்த்தார்கள். நீ உன் துக்கத்தில் அதைக் கவனிக்கவில்லை. அன்றைக்கு உன்மேல் எனக்குத் துளிக் கோபமும் வரவில்லை. உன் கையெழுத்துக்குப் பின்னால் இருந்தது என் கையெழுத்துதான்.

இப்போது நான் பாடம் படிக்கிறேன், தம்பி. பேனாவால் எழுதி அழிக்கிற போர்டு வாங்கிவிட்டேன். வாட்டர், பெயின், பாத்ரூம், ஃபேன், இனஃப். பெரிய எழுத்தில் ஒவ்வொன்றையும் பத்து முறை எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பெண் ஸ்பெல்லிங் சரிபார்க்கிறாள். இருபது வார்த்தை ஆகிவிட்டது. உடம்புக்கு என்ன வேண்டுமோ அதையெல்லாம் கேட்டுவிடுவேன். நீ அருமையாகக் கவனித்துக்கொள்வாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்கு மேல் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் எனக்கு வார்த்தை கிடையாது. சாரி என்று எழுதலாம். பஸ்ஸில் காலை மிதித்துவிட்டாலும் அதைத்தான் சொல்கிறோம். நீ அனுப்புகிற செய்திகளை, இங்கிலீஷ் எழுத்தில் இருக்கும் தமிழை, நானும் கஷ்டப்பட்டுப் படிக்கிறேன். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, மழையா. அந்த எழுத்தில் என்னால் அதற்கு மேல் போக முடியவில்லை. சின்ன வயசிலிருந்து பழகிய எழுத்தில்தான் எனக்கு மனசு ஓடுகிறது.

போனில் படம் எடுத்தால் இங்கிலீஷில் சொல்லும் என்று நீ ஒருமுறை செய்து காட்டினாய். ரேஷன் கடை அறிவிப்பை நன்றாகச் சொன்னது. என் கையெழுத்தைக் காட்டியபோது தாறுமாறாக எதையோ சொல்ல, இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னால் இதை டைப் அடித்தே கொடுத்துவிடுவாள், போனும் படித்துவிடும். பெங்களூரில் உன் வீட்டுக்குச் சமைக்க வருகிற அம்மாவுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும் என்றும் சொல்லியிருக்கிறாய். கையில் கரண்டியோடு அவள் நின்று படிக்க, நீயும் உன் மனைவியும் சோபாவில் உட்கார்ந்து கேட்கிற காட்சியை நினைத்துப் பார்த்தேன். வேண்டாம். உண்மையைச் சொல்லட்டுமா? நீ படிக்க மாட்டாய் என்ற தைரியத்தில்தான் இவ்வளவும் எழுத முடிந்தது. உனக்குப் படிக்க வந்திருந்தால், பத்துக்கு நாலு போட்டதை நான் எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்தான். இப்படி ஒரு கோழைத்தனத்துக்கு உன் எழுத்தறிவைத்தான் விலையாகக் கொடுத்திருக்கிறேன்.

ஆனாலும் வாயால் சொல்லிவிடப் பார்த்தேன். இன்னும் மூன்று நாள்தானே இருக்கிறது என்று இன்று காலை உன்னைக் கூப்பிட்டேன். மீட்டிங்கிலிருந்து வெளியே வந்து எடுத்தாய். "தம்பி, அஞ்சாவது படிக்கிறப்ப நீ எனக்கு ஒரு லெட்டர் எழுதுன" என்று ஆரம்பித்தேன். குரல் கரகரத்து, பாதியில் காற்றாகப் போய்விட்டது. மறுபடி சொன்னேன். மூன்றாம் முறையும் சொன்னேன். உனக்குக் கேட்கவில்லை. "அம்மா, ஒண்ணும் வெளங்கல. கஷ்டப்பட்டுப் பேசாதம்மா, தொண்டைக்கு ஆகாது. புதன்கிழமை நேர்ல வந்துடுவேன்ல? என்ன சொல்லணுமோ பொறுமையா எழுதி வை, நான் வந்து பாத்துக்குறேன்" என்றாய். எவ்வளவு அன்பாகச் சொன்னாய்.

எழுதி வைத்துவிட்டேன், தம்பி.

அம்மா